விக்கெட் கீப்பரின் காது

பந்து மட்டையின் ஓரத்தில் உரசியதா இல்லையா என்பதை விக்கெட் கீப்பர் கண்ணால் பார்த்துச் சொல்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். மெல்லிய உரசலில் பந்தின் போக்கு மாறுவதே இல்லை. கண்ணுக்கு அங்கே வேலை கிடையாது. ஸ்டம்புக்குப் பின்னால் குந்தியிருப்பவருக்குப் பந்து வந்து சேரும் முன்பே ஒரு சத்தம் வந்து சேர்ந்துவிடும். காய்ந்த சுள்ளியை நகத்தால் கீறியது போல, அவ்வளவுதான். அதை நம்பித்தான் அவர் கையைத் தூக்கிக் கத்துகிறார், கேப்டன் நடுவரின் தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லி ரிவியூ கேட்கிறார், தொலைக்காட்சிக்கு முன்னால் கோடிப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதை எனக்குச் சொன்னவர் நாட்டு அணிக்காகப் பல வருடங்கள் கீப்பிங் செய்தவர். ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் ஒரு காலத்தில் ஆபரேட்டராக இருந்தவர். நான் அங்கே பாதுகாப்பு அதிகாரி. விபத்துக்கு முன்னால் எங்கள் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள். விபத்துக்குப் பின்னால் எங்களை மட்டும்தான் கேள்வி கேட்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் போகவில்லை. கல்யாண மண்டபத்துக்குப் போனால் அவசர வழி எங்கே என்று முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் அதன் முன்னால் ஐஸ்கிரீம் ஸ்டால் போட்டிருப்பார்கள். கிரிக்கெட் பார்ப்பதும் அப்படித்தான். மற்றவர்கள் ஸ்கோரைப் பார்க்கும்போது நான் யார் மேல் யார் மோதப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவருடைய குடும்பம் பாகலூர்ப் பக்கம். அப்பா காலத்தில் ராகியும் காய்கறியும் போட்ட நிலத்தில் இப்போது அண்ணன் பாலித்தீன் கூரை போட்ட பாலி ஹவுஸ் அமைத்து ரோஜா வளர்க்கிறார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ். பிறகு கிரிக்கெட் ஆங்கிலத்தையும் கொடுத்தது. ஸ்டம்புக்குப் பின்னால் நின்று நான்கு மொழிகளிலும் பேட்ஸ்மேனை வெறுப்பேற்றும் வசதி உலகத்தில் வேறு எந்தக் கீப்பருக்கும் இருந்திருக்காது.

பிரஸ் ஷாப் என்பது இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடித்து வடிவமாக்கும் இடம். அங்கே சத்தம் காதில் விழுவதில்லை, நெஞ்செலும்பில் விழும். எல்லோருக்கும் காதை அடைக்கும் பிளக் கொடுத்திருந்தோம். ஆரஞ்சு நிறத்தில், கயிறு கோத்து. பாதிப் பேருக்கு அது கழுத்தில் தாலி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். நான் வருவது தெரிந்தால் காதுக்கு ஏறும், நான் போனதும் கழுத்துக்கு இறங்கும்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அச்சில் முடியளவு விரிசல் விழுந்தால் அடியின் சத்தம் மாறும். அந்த மாற்றத்தைக் கேட்கிற ஆபரேட்டர் மெஷினை நிறுத்துவார். கேட்காதவர் ஷிப்ட் முடியும்வரை கழிவை அடித்துத் தள்ளுவார். ஆக, நல்ல ஆபரேட்டர் என்று பெயரெடுக்கக் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஆண்டு விழாவில் நான் காதுப் பாதுகாப்பு பற்றிப் பேசிவிட்டு உட்காருவேன். அதே மேடையில் அடுத்ததாக, காதால் விரிசல் கண்டுபிடித்தவருக்குக் கேடயம் கொடுப்பார்கள். அந்தக் கேடயம் பெரும்பாலும் அவருக்குத்தான் போனது.

ஒரு நாள் அவருடைய மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

"காத அடைச்சுட்டா மெஷின் என்ன பேசுதுன்னு எப்படி சார் தெரியும்?" என்றார்.

"மெஷின் பேசுறதையே கேட்டுக்கிட்டு இருந்தா நாளைக்குப் பொண்டாட்டி பேசுறது கேக்காது."

"அதுக்குத்தானே சார் இவ்ளோ பேரு இங்க ஓவர்டைம் பாக்கறாங்க."

பக்கத்து மெஷின்காரர்கள் சிரித்தார்கள். என் பேச்சு அந்தச் சத்தத்தில் எப்படிக் கேட்டது என்று கேட்டேன். கேட்கவில்லையாம், என் வாயைப் பார்த்தார்களாம்.

வருடத்துக்கு ஒருமுறை காது பரிசோதனை வண்டி வரும். வண்டிக்குள் கண்ணாடி வைத்த ஒரு சிறிய அறை. உள்ளே உட்காருபவருக்கு ஹெட்போன் மாட்டிக் கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே ஒரு விளக்கு எரியும். ஒரு வருடம், காதருகே போய்க் கூப்பிட்டாலும் திரும்பாத ஒரு மூத்த ஆபரேட்டர் பிரமாதமாகத் தேறிவிட்டார். சந்தேகப்பட்டு நானே வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன். டெக்னீஷியன் ஒவ்வொரு முறை சத்தத்தை அனுப்பும்போதும் அவருடைய வலது தோள் லேசாக ஏறி இறங்கியது. உள்ளே இருப்பவர் கண்ணாடி வழியாகத் தோளைப் பார்த்துப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். ஷாப் முழுவதற்கும் இது தெரிந்திருந்தது. டீ இடைவேளையில் பழையவர்கள் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டேன். பாதி ஷாப் தேறவில்லை. நிர்வாகம் அவசரக் கூட்டம் போட்டது. அதில் எடுத்த முடிவு, நாற்காலியைப் பழையபடி போடுவது.

ஆனால் அந்த ஒரு வருடம் நம் கீப்பரும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்தார். தாழ்ந்த சத்தங்கள் எல்லாம் கேட்டன. கூர்மையான மெல்லிய சத்தங்கள் வரும் இடத்தில் விளக்கு எரியவில்லை. அன்றே அவரிடம் சொன்னேன். இப்படிப் போன கேட்கும் திறன் திரும்பி வராது, இனிமேல் குறையாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்றேன்.

"அப்ப கிளம்பிட வேண்டியதுதான் சார்" என்று சிரித்தார். அதற்குள் மாநில அணியில் இடம் கிடைத்திருந்தது. அந்த மாதமே வேலையை விட்டார்.

பிறகு நாட்டு அணி. அங்கே போய்ப் பல வருடங்கள் இரண்டாவது கீப்பராக உட்கார்ந்திருந்தார். தண்ணீர் கொண்டுபோவது, கிளவுஸ் கொண்டுபோவது, வலைப்பயிற்சியில் எல்லோருக்கும் பந்து பிடித்துப் போடுவது. முதல் கீப்பரின் கட்டைவிரல் உடைந்த அன்று இவருக்கு வேலை வந்தது. ஒருவர் எலும்பு முறிந்தால்தான் அடுத்தவருக்கு நியமனம். இப்படி ஒரு பதவி உயர்வு முறையை நான் எந்தத் தொழிற்சாலையிலும் பார்த்ததில்லை. முதல் டெஸ்டில் அவர் பிடித்த பிடிப்பு நடுவருக்கே கேட்காத உரசல். இவர் மட்டும் கத்தினார், இவர்தான் சரி. ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே எங்கள் தொழிற்சாலை ஒரு பெரிய பேனர் கட்டியது. பேனர் சாலையைக் கடக்கிறவர்களின் பார்வையை மறைத்தது. எழுதிக் கொடுத்தேன், இரண்டு அங்குலம் உயர்த்தினார்கள்.

நடுவில் ஒரு வெளிநாட்டுப் போட்டியில் சுழற்பந்து ஒன்று எகிறி அவருடைய வலது காதோரம் அடித்தது. ஹெல்மெட் இருந்தது, ரத்தம் வரவில்லை. தலையை உதறிவிட்டுத் தொடர்ந்து ஆடினார். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். நானும் பார்த்தேன். எங்கள் தொழிலில் ரத்தம் வராத அடியைத்தான் முதலில் விசாரிப்போம்.

அதற்குப் பிறகு அவர் தலையைத் திருப்பிக் கேட்கத் தொடங்கினார். யார் பேசினாலும் இடது கன்னத்தைக் கொடுப்பார். பேட்டிகளில் அதைப் பணிவு என்று எழுதினார்கள்.

இந்த வருடத் தொடக்கத்தில்தான் வெளியில் தெரிய ஆரம்பித்தது. அவர் கத்திக் கேட்ட ரிவியூக்கள் தொடர்ந்து தோற்றன. உரசாத பந்துக்குத் துள்ளிக் குதித்தார். உரசிய பந்தைப் பிடித்துவிட்டு ஒன்றும் பேசாமல் தூக்கிப் போட்டார். என் மனைவி கிரிக்கெட்டை அரைக் கண்ணால் பார்ப்பவள். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "இவரு என்ன, பந்தப் புடிச்சதும் அந்தாளு மூஞ்சியவே உத்துப் பாக்கறாரு? கடன் கேக்க வந்த மாதிரி." அவள் சொன்ன பிறகு நானும் கவனித்தேன். ஒவ்வொரு பந்துக்குப் பின்னாலும் அவர் பார்வை முதலில் பேட்ஸ்மேனின் முகத்துக்குப் போனது. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து தோளைப் பார்த்தவர்களின் அதே பார்வை.

மாம்பழப் பருவத்தில், இரண்டு தொடர்களுக்கு நடுவே, அவர் என் வீட்டுக்கு வந்தார். கூட அண்ணன். நாகரசம்பட்டியில் மாமனார் தோட்டத்துப் பழம் என்று ஒரு பெட்டியை உள்ளே வைத்தார்கள். நாங்கள் வடிகால், சாலை, ரோஜா விலை எல்லாம் பேசி முடித்தோம். தம்பி வலது கையின் கோணல் விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

"சார், அந்த வண்டில காது டெஸ்ட் எடுப்பாங்கல்ல. கேக்காதவன்லாம் பாஸ் பண்ணானே. அதக் கண்டுபிடிச்சது நீங்கதானே?"

"ஆமா. எதுக்கு?"

"டீமுக்குப் புதுசா ஒரு டாக்டர் வந்திருக்காரு. இந்தத் தடவ காதும் பாப்பாராம்."

அண்ணன் குறுக்கே வந்தார். "ஊர்ல ஒருத்தன் கண்ணு போச்சுங்கறான், ஒருத்தன் முட்டி போச்சுங்கறான் சார். காதுன்னு ஒருத்தனும் சொல்லல. இவன் பொண்டாட்டிக்கே நான்தான் சொன்னேன்."

"எவ்வளவு கேக்குது?" என்றேன்.

"இடது பரவால்ல சார். வலது பக்கம் எப்பவும் ஒரு ரீங்காரம். யாராவது கூப்பிட்டா சத்தம் வருது, எந்தப் பக்கம் இருந்து வருதுன்னுதான் தெரியல."

இவ்வளவு நாள் எப்படிச் சமாளித்தார் என்று கேட்டபோது அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. தொழில் ரகசியம் பேசும்போது வருகிற வெளிச்சம். "பட்டிருந்தா பேட்ஸ்மேன் கழுத்து ஒரு நொடி இறுகிப் போகும் சார். படலைன்னா அவன் பாட்டுக்குக் கிளவுஸ இழுத்து விடுவான். அது போக, முதல் ஸ்லிப்ல, எனக்குப் பக்கத்துலயே, எங்க சீனியர் ஒருத்தர் இருந்தாரு. பட்டுச்சுன்னா தொடையில ஒரு தட்டு தட்டுவாரு. அதப் பாத்துட்டு நான் கத்துவேன். என்னப் பாத்துட்டு மத்தவங்க கத்துவாங்க. அவரு போன வருஷம் ரிட்டயர் ஆயிட்டாரு."

"இப்ப அங்க நிக்கறவர்?"

"நல்லவன்தான். ஆனா அவன் என்னப் பாத்துட்டுத்தான் சார் கத்தறான்."

அண்ணன் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மற்றவருக்குத் தெரியும் என்று நம்பியிருக்கும் இடங்களில் நான் போய்ப் பிணங்களைப் பார்த்திருக்கிறேன்.

"வரப்போற தொடர் ஒண்ணு மட்டும் ஆடிக்கறேன் சார். இத்தன வருஷம் பெஞ்ச்ல உக்காந்து வந்த இடம். நானா எந்திரிச்சுப் போகணும். காது கேக்கலைன்னு எழுப்பி அனுப்பிட்டா, இதுவரைக்கும் புடிச்சதெல்லாம் குருட்டாம்போக்குன்னு பேசுவாங்க."

அவருக்கு என்ன வேண்டும் என்று புரிந்தது. பரிசோதகரின் தோளையா, முழங்கையையா, எதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன் என்றேன். பிறகு, அவர் வந்ததிலிருந்து என் மனதில் ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"ரிவியூ தப்பாப் போனா ரிவியூதான் போகும். மேல எழும்புற பந்துக்கு என்ன பண்றீங்க?"

அவர் விரல் நீவுவதை நிறுத்தினார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பந்து உயரே எழும்பினால் இரண்டு மூன்று பேர் அண்ணாந்து பார்த்தபடி ஒரே இடத்துக்கு ஓடி வருவார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. முதலில் "என்னுது" என்று குரல் கொடுப்பவருக்குப் பந்து. மற்றவர் விலக வேண்டும். இரண்டு குரல் எழுந்தால் கிளவுஸ் போட்டிருக்கும் கீப்பருக்கு. மைதானத்தின் மொத்தப் பாதுகாப்பு ஏற்பாடும் இந்த ஒரு கத்தல்தான்.

"நான் முந்திக் கத்திடுவேன் சார். கேக்கறவன் விலகிடுவான்."

"அவன் முந்திட்டா?"

"ஃபுல் ஸ்டேடியத்துல யாருக்குமே ஒண்ணும் கேக்காது சார். அங்க எல்லாரும் செவிடுதான்."

"அப்புறம் எதுக்குக் கத்தறாங்க?"

காலையில் உங்கள் பழைய மைதானத்தில் ஒரு சோதனை வைத்துப் பார்த்துவிடலாம் என்றேன். மறுநாள் காலை மைதானத்துக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாகலூர் சாலையை ஒட்டிய பழைய மைதானம். அவர் கீப்பிங் பழகிய இடம். பாதியில் இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன, மீதியில் நெருஞ்சி. வெயில் இன்னும் ஏறவில்லை. அவருடைய கார் ஓட்டுநர் பந்தை மேலே அடிக்க வேண்டும், அண்ணன் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து ஓடி வந்து குரல் கொடுக்க வேண்டும். குரல் கேட்டால் தம்பி நிற்க வேண்டும். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

முதல் சில பந்துகளுக்கு அவர் சரியாக நின்றார். பிறகுதான் கவனித்தேன்; பந்து எழும்பிய உடனே ஒருமுறை சுற்றிலும் பார்த்துவிட்டு அண்ணாந்தார். அண்ணன் எங்கே புறப்படுகிறார் என்று கண்ணால் குறித்துக்கொண்டிருந்தார். நான் அண்ணனிடம் போய், அடுத்த பந்துக்கு லாரி நிழலில் நின்று வலது பக்கமாக வரச் சொன்னேன்.

பந்து எழும்பியது. அவர் சுற்றிப் பார்த்தார், அண்ணனைக் காணவில்லை, அண்ணாந்தார். அண்ணன் புறப்பட்டார். "என்னுது, என்னுது, டேய் என்னுது" என்று மூன்று முறை கத்தியது மைதானத்துக்கு வெளியே டீக்கடை வரை கேட்டது. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை.

மோதிய சத்தம் பெரிதாக இல்லை. அண்ணன் கையை ஊன்றி விழுந்தார். எழுந்தபோது மணிக்கட்டு இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை. பந்து தம்பியின் கிளவுஸில் இருந்தது.

"ஏன்டா, நாளைக்கு ரோஜாவுக்கு மருந்தடிக்கணும். இன்னிக்கா கைய ஒடைப்ப?" என்றார் அண்ணன். முகம் வெளுத்திருந்தது.

"நீ கத்தவே இல்லியேண்ணா."

அண்ணன் என்னைப் பார்த்தார்.

"லாரி சத்தத்துல கேட்டிருக்காது" என்றார் தம்பி.

மூன்று பேரும் சாலையைத் திரும்பிப் பார்த்தோம். சாலையில் அப்போது லாரி எதுவும் போகவில்லை.

நான் பார்த்த எல்லா விபத்துகளிலும், நானே ஏற்பாடு செய்து நடத்திய விபத்து இது ஒன்றுதான். கட்டுப்போட்டு வெளியே வந்த பிறகு, ஆஸ்பத்திரி வாசலில் வைத்துத் தம்பியிடம் சொன்னேன். உங்கள் காதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அது உங்கள் சொத்து. எதிரே ஓடி வருகிறவருக்கு உங்கள் காது கேட்காது என்பது தெரியாது. அவர் கத்திவிட்டு நம்பி ஓடி வருவார். கேப்டனிடம் சொல்லிவிடுங்கள், நீங்கள் சொல்லாவிட்டால் நான் எழுதுவேன்.

"சொல்லிடறேன் சார்."

தொழிற்சாலையில் இந்த வார்த்தையை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். 'செய்துவிட்டேன்' என்பதற்கும் 'செய்ய மாட்டேன்' என்பதற்கும் நடுவில், இரண்டாவதுக்கு மிக அருகில் இருக்கும் வார்த்தை.

அடுத்த வாரம் ஒரே ஒரு சொல்லாக ஒரு செய்தி வந்தது: 'பாஸ்'. புதிய டாக்டருக்கும் ஒரு தோள் இருந்திருக்கிறது. கேப்டனிடம் சொன்னீர்களா என்று பதில் எழுதினேன். தொடர் தொடங்கட்டும் என்றார். தொடர் தொடங்கியது. நான் சொன்னபடி அணி நிர்வாகத்துக்கு எழுதினேன், எழுதியதை அவருக்கும் தெரிவித்தேன். ரசிகராகிய உங்கள் ஆதரவுக்கு நன்றி என்று கணினி பதில் அனுப்பியது. ஆபத்தைப் பற்றி எழுதும் கடிதம் எந்த அறைக்குப் போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியாததா?

அதற்குப் பிறகு நான் போட்டி பார்த்தது பார்த்தது போலவே இல்லை. பந்து தரையில் போனால் நிம்மதி. மேலே எழும்பினால் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொள்வேன். மைதானம் பெரியது, பெரும்பாலான பந்துகள் அவரிடமிருந்து தூரத்தில் போய் விழுந்தன. மனைவி ஒருநாள் தொலைக்காட்சியை அணைத்தே விட்டாள். "இதுக்குப் பேசாம நீங்க ரிட்டயர் ஆகாமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

கடைசிப் போட்டி அன்று அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். கை இன்னும் தூளியில் இருந்தது. அவர் வீட்டில் ஊரே கூடி உட்கார்ந்து கத்துவதால் அங்கே இருக்க முடியவில்லையாம். டீயை இடது கையால் குடித்தார். எதிரணிக்கு ஓட்டம் கொஞ்சம்தான் தேவை, ஆனால் பிடித்து ஆட ஒரே ஒரு நல்ல பேட்ஸ்மேன்தான் மிச்சம். அவர் விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

அந்த ஆள் பந்தைச் சுற்றி அடித்தார். மட்டையின் மேல்விளிம்பில் பட்டு நேராக மேலே போனது.

கேமராவும் பந்தோடு மேலே போனது. அது இறங்கி வரும்போது மைதானத்தில் இரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து இவர். வலது பக்கமாக, பாயின்ட் திசையிலிருந்து, அந்தத் தொடரில்தான் அணிக்கு வந்த ஓர் ஆட்டக்காரர். இருவரும் அண்ணாந்திருந்தார்கள். கூட்டத்தின் இரைச்சலில் எந்தக் குரலும் எங்களுக்குக் கேட்கவில்லை. அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "டேய்" என்றார், மெதுவாக, திரையைப் பார்த்து.

திரையில் தம்பி நின்றார்.

பந்தைப் பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ஓடிய ஓட்டத்தில் நின்று, கிளவுஸ் போட்ட கைகளைக் கீழே விட்டார். பந்தைப் பார்க்கவில்லை. அண்ணாந்த தலையை இறக்கி வலது பக்கம் திரும்பினார். ஓடி வந்தவர் கீப்பர் அங்கே நிற்பதைப் பார்த்துத் தானும் நின்றார். பந்து இருவருக்கும் நடுவில் புல்லில் விழுந்து, ஒருமுறை துள்ளி, அமைதியாகக் கிடந்தது.

அந்தப் பேட்ஸ்மேன் மிச்ச ஓட்டங்களை எடுத்து முடித்தார். வர்ணனையாளர்கள் சிரித்தார்கள். கல்யாணப் பந்தியில் முதல் இலைக்கு நீங்க உட்காருங்க, நீங்க உட்காருங்க என்று உபசரிப்பது போல இருக்கிறது என்றார் ஒருவர். அந்தக் காட்சி மாலைக்குள் எல்லோருடைய கைப்பேசியிலும் பாட்டு சேர்த்து ஓடியது. ஓசூர் டீக்கடைகளில் அவரைப் பற்றிக் கேட்காத கேள்வி இல்லை. விலைபோய்விட்டார் என்றுகூட ஒருவர் சொன்னார். கேட்ட அண்ணன், நல்ல கையால் சொன்னவரின் சட்டையைப் பிடித்திருக்கிறார்.

எனக்கு மட்டும், வெட்கப்படாமல் சொல்கிறேன், பெரிய நிம்மதி. இரண்டு மண்டைகள் தப்பின. எங்கள் தொழிலில் அதற்கு மேல் வெற்றி கிடையாது.

மறுநாள் அவர் ஃபோன் செய்தார்.

"பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்."

"அவன் கத்துனானா சார்?"

"டிவில ஒண்ணும் கேக்கல."

"கத்துன மாதிரி இருந்துச்சு. அந்த ரீங்காரமாவும் இருக்கலாம்னு தோணுச்சு. அண்ணன் கை ஞாபகம் வந்துச்சு. நின்னுட்டேன்."

"அவர்கிட்டயே கேட்டீங்களா?"

"கேட்டேன் சார். கத்தவே இல்லையாம். கீப்பர் கூப்புடுவாருன்னு காத்துக்கிட்டே ஓடி வந்தானாம்."

ஆக, அந்தப் பந்து அவருடையதுதான். கை நீட்டினால் கிளவுஸில் விழுந்திருக்கும், தொடர் கையில் வந்திருக்கும், அவர் விரும்பிய மாதிரியே எழுந்து போயிருக்கலாம். எழுப்பப்படாத ஒரு குரலுக்காக அவர் நின்றிருக்கிறார். நான் பேசத் தொடங்கினேன். நின்றது சரி என்றேன். குரல் இருந்ததா இல்லையா என்று தெரியாதபோது நிற்பது ஒன்றுதான் முறை என்றேன். யாருக்கும் அடிபடவில்லை, அதை மட்டும் பாருங்கள் என்றேன். நிறையச் சொன்னேன்.

"ஹலோ? சார்?" என்றார் அவர். "லைன்ல இருக்கீங்களா? ஹலோ?"

ஃபோனை வலது காதுக்கு மாற்றியிருக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

முழங்கால் வலி காரணமாக ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அணி நிர்வாகம் அவருடைய சேவையைப் பாராட்டியது. எங்கள் தொழிற்சாலை இந்த முறை பேனர் வைக்கவில்லை.

ஊர் திரும்பிய பிறகு, ஓசூரில் ஒரு காது மருத்துவரிடம் அவரை நான்தான் அழைத்துப் போனேன். அதே மாதிரி ஒரு சிறிய அறை, அதே கண்ணாடி. வெளியே மேசைக்குப் பின்னால் டெக்னீஷியனாக ஓர் இளம்பெண். சத்தம் அனுப்பும்போது அவருக்கும் தோள் லேசாக அசையும் என்பதை முந்தைய நோயாளிக்கு எடுக்கும்போதே பார்த்துவிட்டேன். நம் கீப்பரும் பார்த்திருப்பார், பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

உள்ளே போனவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கிச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டார். பிறகு உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். "ஏன் சார் இப்படி?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார். அப்படியே எடுங்கள் என்றேன்.

இடது காதுக்கு முதலில் எடுத்தார்கள். விளக்கு எரிந்தது, எரிந்தது, சத்தம் கூர்மையாக ஆக ஆகத் தயங்கி எரிந்தது, பிறகு நின்றது. அடுத்தது வலது. அந்தப் பெண் ஒவ்வொரு சத்தமாக அனுப்பிக்கொண்டே போனார். அளவைக் கூட்டினார். மேலும் கூட்டினார். தோள் அசைந்தது. விளக்கு ஒருமுறைகூட எரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய முதுகு அசையாமல், ஸ்டம்புக்குப் பின்னால் பந்துக்குக் காத்திருக்கும் முதுகாகவே இருந்தது.

"முடிஞ்சுது சார், வரச் சொல்லுங்க" என்றார் அந்தப் பெண்.

நான் கதவைத் திறந்து உள்ளே போய் அவர் தோளைத் தொட்டேன். அவர் ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கிவிட்டு, இடது கன்னத்தை என் பக்கம் திருப்பினார். கோணல் கட்டைவிரல் இன்னும் பொத்தான்மேல் இருந்தது.

"வலது காதுக்கு எப்ப சார் ஆரம்பிப்பாங்க?" என்றார்.